இரண்டாவது பட்டியல்

"ஆறாம் வகுப்பு மாணவியின் தாய். நம் பள்ளியின் முன்னாள் தையல் ஆசிரியை" என்று ஒலிபெருக்கி வாசித்தபோது அவள் ஒரு மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதிக்கொண்டிருந்தாள். இடது முழங்கையில் ஒரு மச்சம். மச்சம் என்ற சொல்லை முடித்ததும் பேனா நின்றது. தையல் டீச்சர் நேற்று மதியம் இறந்துவிட்டார்.

மைதானத்தில் தொள்ளாயிரம் பிள்ளைகள் இவர்களெல்லாம் குணமடைய வேண்டும் என்று ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள்.

வாசிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி மூச்சு விட்டாள். அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது. இரண்டாவது பட்டியல் இறந்தவர்களுக்கானது. எப்போதும் சிறியது. அன்று இரண்டே பேர்.

"நான்காம் வகுப்பு மாணவியின் தாத்தா. நம் பள்ளியின் முன்னாள் டிரில் மாஸ்டர்."

தொள்ளாயிரம் பிள்ளைகள் இவர்கள் ஆத்துமா இளைப்பாற வேண்டும் என்று கேட்டார்கள். ஆமென் முன்பின்னாக வந்தது. சின்ன வகுப்புகள் எப்போதும் முந்திக்கொள்ளும்.

முன்னாள் டிரில் மாஸ்டர் அவளுடைய கணவர். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்தான் அவருக்கு முகம் துடைத்து, பாலில் ஊறிய ரொட்டி ஊட்டிவிட்டு வந்திருந்தாள்.

அவள் அடுத்த கட்டத்துக்குப் போனாள். நடத்தை: நன்று.

பட்டியல் அவளுடைய வேலை. அலுவலக வாசலில் மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமோ அவர்களைச் சீட்டில் எழுதிப் பிள்ளைகள் அதில் போடுவார்கள். சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்து, நோயாளிகளை முதல் பட்டியலிலும் இறந்தவர்களை இரண்டாவதிலும் சேர்த்துத் தட்டச்சு செய்வாள். பெயர்களை வாசிப்பதில்லை. முன்பு வாசித்தார்கள். ஞானஸ்நானப் பெயர்கள் நீளமாக வந்தபோது பின்வரிசை சிரித்தது. அதற்குப் பிறகு உறவும் வகுப்பும் மட்டும். ஒருமுறை 'நான்காம் வகுப்பு மாணவியின் நாய்' என்று அவள் தட்டச்சு செய்துவிட்டாள். சீட்டில் அப்படித்தான் இருந்தது. தலைமை சிஸ்டர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். நாய் பிழைத்துக்கொண்டது என்று அடுத்த வாரம் இன்னொரு சீட்டு வந்தது.

முதல் பட்டியலில் இருப்பவர் இறந்துபோனால் கணினியில் அவர் வரியை வெட்டி எடுத்து இரண்டாவதில் ஒட்டவேண்டும். ஏழு நாள் அங்கே இருக்கும். பிறகு நீக்கிவிடலாம். நேற்று மாலை நாலு பத்துக்கு தையல் டீச்சரின் வரியை வெட்டவேண்டியிருந்தது. அவருக்கு மேலே இருந்த வரியை அவள் வெட்டியிருக்கிறாள்.

இதெல்லாம் அவளுக்கு உடனே புரிந்தது. அதற்கு அடுத்து புரிந்தது வேறு. ஒலிபெருக்கிகளில் ஒன்று பின்சுவரைப் பார்த்து இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. அவர் படுத்திருக்கும் கட்டில் ஜன்னலோரம். காலைக் கூட்டத்தை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பட்டியலில் அவருடைய இடம் வந்ததும் நல்ல கையான இடது கையைத் தூக்கிச் சிலுவை போட்டுக்கொள்வார்.

இன்றும் கேட்டிருப்பார். புரிந்திருக்குமா என்பதுதான் தெரியவில்லை. மதிய இடைவேளைக்கு மூன்றரை மணி நேரம் இருந்தது.

பாட்டு டீச்சர் ஓடிவந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, சார்... எப்போ? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"ஒண்ணும் ஆகல. வரி மாறிடுச்சு."

"வரியா?"

"தையல் டீச்சர் அங்க போகணும். இவர் போயிட்டார்."

பாட்டு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஐயோ, நான் அழுதுட்டேனே அக்கா. மூணாங்கிளாஸ் முன்னாடி."

"பரவாயில்ல."

"அப்போ தையல் டீச்சர் சீக்கிரம் எழுந்து நடக்கணும்னு இப்பத்தானே கேட்டோம்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க எழுந்து வந்தாலும் வருவாங்க அக்கா. என் கத்தரிக்கோலை யார் எடுத்ததுன்னு கேப்பாங்க."

அவளும் சிரித்திருக்கலாம். முகத்தில் அதற்கான இடம் தெரியவில்லை.

பத்து நிமிடம் கழித்துப் புது டிரில் மாஸ்டர் வந்து கதவில் சாய்ந்து நின்றான். வேலைக்குச் சேர்ந்து நாலு வருடமாகியும் அவன் புதுதான். "ஆபீஸக்கா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? சின்ன பசங்களுக்கு முன்னாள் இந்நாள் எல்லாம் தெரியாது. ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு என்னைத் தொட்டுப் பார்க்குது. 'சார், நீங்க செத்துட்டீங்களே'ன்னுது." பிறகு அவள் யாருடைய மனைவி என்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சாக்பீஸ் பெட்டி ஒன்றைத் தேவையில்லாமலே எடுத்துக்கொண்டு போனான்.

அந்தக் கட்டடத்துக்குள் அவள் வந்தது ஆறு வயதில். அத்தை கூட்டிவந்து விடுதியில் விட்டாள். கட்டில் எண் பதினேழு. மணி அடித்தால் எழுவது, மணி அடித்தால் முழங்காலிடுவது, மணி அடித்தால் தட்டோடு வரிசையில் நிற்பது. விசுவாசம் என்று தனியாக ஒன்று இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை. பல் தேய்ப்பதுபோல அதுவும் காலையில் நடந்துவிடும். பதினெட்டு வயதில் விடுதியைக் காலி செய்யும் நாளில் அப்போதைய தலைமை சிஸ்டர் கேட்டார்.

"எங்க போவே?"

"தெரியல சிஸ்டர்."

"டைப் அடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"கத்துக்கோ."

கற்றுக்கொண்டாள். அதன்பிறகு ஏழு தலைமை சிஸ்டர்கள் வந்து போய்விட்டார்கள். இப்போதிருப்பவர் எட்டாவது. அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆறு வயதில் வந்ததிலிருந்து இந்த நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் அந்த வளாகத்தையும் அதை ஒட்டிய வீட்டையும் விட்டுச் சேர்ந்தாற்போல் வெளியே இருந்தது எட்டு நாள். அது கல்யாணத்துக்கு.

கணவர் டிரில் மாஸ்டராக வேலைக்கு வந்தபோது பள்ளியில் மைக் அடிக்கடி கெட்டுப்போகும். கெட்டால் அவரைக் கூப்பிடுவார்கள். மைதானத்தின் இந்த மூலையில் நின்று பேசினால் அந்த மூலையில் கேட்கும் குரல். கோடு போடச் சுண்ணாம்புத்தூள் வேண்டும் என்று வாரத்துக்கு மூன்று முறை கடிதம் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு வருவார். "இவ்வளவு தூளை என்ன சார் பண்றீங்க, தின்றீங்களா?" என்று அவள் ஒருநாள் கேட்டுவிட்டாள். ஏழு மாதத்தில் கல்யாணம். குழந்தை இல்லை. அதற்காக ஒரு காலத்தில் அவர்களும் முதல் பட்டியலின் கடைசியில் இருந்தார்கள், 'ஒரு தம்பதியர்' என்று. அந்த வரியை எந்த வருடம் எடுத்தாள் என்பது நினைவில் இல்லை.

நாலு வருடத்துக்கு முன் விளையாட்டு விழா ஒத்திகையில் எட்டாம் வகுப்பு அணிநடை போய்க்கொண்டிருந்தபோது அவர் விழுந்தார். நில் என்று சொல்ல ஆளில்லை. பிள்ளைகள் நடந்துகொண்டே போனார்கள். சுவர் வந்ததும் சுவருக்கு எதிரே நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அறிவியல் டீச்சர் கத்தும்வரை. அலுவலக ஜன்னல் வழியாக அவள் அதைப் பார்த்தாள். ஏன் சுவரில் முட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

வலது பக்கம் போயிற்று. பேச்சு போயிற்று. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. சரி. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. "எங்க வீட்லயும் இப்படி ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்" என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். சொன்னவரே சிரித்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு தலைமை சிஸ்டர் கூப்பிட்டார். மேசையில் அன்றைய பட்டியல் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

"நானும் பாக்காம கையெழுத்து போட்டிருக்கேன். தையல் டீச்சர் வீட்லேர்ந்து போன் வந்துட்டு இருந்தது" என்றார். "நாளைக்குச் சரிபண்ணிடலாம். அறிவிப்பு மாதிரி ஏதாவது..."

"என்னன்னு சிஸ்டர்?"

சிஸ்டர் யோசித்தார். நேற்று இறந்தவர் பட்டியலில் தவறுதலாக என்று தொடங்கி, அங்கேயே நிறுத்தினார். "வேண்டாம். சிரிப்பாங்க. பேசாம பழையபடி முதல் பட்டியல்ல போட்டுடுங்க. யாரும் கவனிக்க மாட்டாங்க."

"அவர் கவனிப்பார் சிஸ்டர்."

"அவருக்கு... புரியுமா?"

"தெரியல."

வெளியே யாரோ பெஞ்சை இழுத்தார்கள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செபம் வீணாகாது. நினைக்க ஆளில்லாத ஆத்துமா எத்தனையோ இருக்கு. அதுல ஒண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்."

"முதல் பட்டியல்ல நாலு வருஷம் சொன்னதும் அப்படித்தான் எங்கயோ போயிருக்குமா சிஸ்டர்?"

அவள் அதை எதிர்வாதமாகக் கேட்கவில்லை. கோப்பு எங்கே போயிற்று என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். சிஸ்டருக்கு அது புரிந்தது.

"ரெண்டு நாள் லீவு எடுங்களேன்."

"டி.சி. பாக்கி இருக்கு சிஸ்டர்."

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வரியை வெட்டும்போது மனசுல ஏதாவது இருந்துதா?"

அவள் நாலு பத்தை நினைத்துப் பார்த்தாள். மின்விசிறி ஓடியது. தாள் பறக்காமலிருக்க அதன்மேல் ஸ்டேப்ளர் இருந்தது. வேன் ஒன்று ஹாரன் அடித்தது.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றாள். அது உண்மை. ஒன்றுமே இருக்கவில்லை.

பின்கேட் வழியாகப் போனால் வீடு நூற்றைம்பது அடி. இடைவேளை நாற்பது நிமிடம். அதற்குள் அவருக்குச் சோறு ஊட்டி, துணி மாற்றி, மறுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். நாத்தனார் வாசற்படியில் நின்றிருந்தாள். அவரைவிட ஆறு வயது மூத்தவள். தம்பி விழுந்த மாதம் ஒரு பையோடு வந்தவள், திரும்பிப் போகவில்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"வாம்மா. அடக்கம் எத்தனை மணிக்கு?"

"அண்ணி..."

"இல்ல, கேட்டு வெச்சுக்கறேன். நல்ல புடவையா எடுத்து வெக்கணுமில்ல."

"வரி மாறிடுச்சு அண்ணி. தையல் டீச்சர் வரியை எடுக்கறதுக்குப் பதிலா..."

"தையல் டீச்சர் எங்க, என் தம்பி எங்க? ஊசிக்கும் விசிலுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"மெதுவா பேசுங்க. உள்ள கேக்கும்."

"கேக்கட்டுமே. காலையில தொள்ளாயிரம் பேர் கத்துனது கேக்கலையா?"

அவள் செருப்பைக் கழற்றினாள். "அவர் என்ன பண்ணார்?"

நாத்தனாரின் குரல் இறங்கியது. "எப்பவும் அவனை வாசிக்கற இடத்துல கையைத் தூக்குனான். வரல. தூக்குன கையோட அப்படியே கிடந்தான். நான் மைக் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் வந்துச்சு. சிலுவை போட்டான்."

"அப்புறம்?"

"தூங்கிட்டான். இன்னும் தூங்கறான். நாலு வருஷத்துல காலையில அவன் தூங்கி நான் பாத்ததில்ல. ரெண்டு தடவை மூக்குல விரல் வெச்சுப் பாத்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உண்மையச் சொல்லு. தெரிஞ்சே செஞ்சியா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நானும்தான் மூத்திரத் துணி அலசறேன். எனக்கும் தோணும்."

"தெரியல அண்ணி."

"தெரியலன்னா என்னடி அர்த்தம்?"

அவள் உள்ளே போனாள்.

சத்தம் கேட்டு அவர் விழித்திருந்தார். வலது கண்ணோரம் ஈரம். அந்தக் கண்ணில் எப்போதும் நீர் வடியும். அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. தலையணையை உயர்த்தி, கழுத்தில் துண்டைக் கட்டி, குழைந்த சோற்றை ஸ்பூனில் எடுத்தாள். இரண்டு வாய் போனது.

"காலையில பட்டியல் தப்பாயிடுச்சு."

"சரி."

"உங்களை மாத்திப் போட்டுட்டேன். கவனக்குறைவு."

"சரி."

"கோபமா?"

"சரி."

இன்னொரு வாய். உதட்டோரம் வழிந்ததை ஸ்பூனாலேயே வழித்து உள்ளே தள்ளினாள்.

"நாளைக்குப் பழையபடி முதல் பட்டியல்ல போட்டுடறேன்."

பதில் வரவில்லை. அவர் மென்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். வாயில் ஒன்றும் இல்லை.

"முதல் பட்டியல்ல போட்டுடறேன். என்ன?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. நாலு வருடத்தில் அவள் சொன்ன எதற்கும் சரி வராமல் இருந்ததில்லை. ஸ்பூன் நடுவில் நின்றது. காகம் ஒன்று ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து, போயிற்று.

"ரெண்டாவதுல போட முடியாதுங்க. உயிரோட இருக்கறவங்களைப் போடக்கூடாது."

அதற்கும் பதில் இல்லை.

"எதுலயும் வேண்டாமா?"

"சரி."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். "ஃபேனை நிறுத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"சரி."

"கூட்டி வெக்கட்டுமா?"

"சரி."

கதவருகே நாத்தனார் நின்றிருந்தாள். "அவன்கிட்ட என்ன வக்கீல் மாதிரி கேள்வி கேக்கற?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. அவரைப் புரட்டணும். கால் பக்கம் புடிங்க."

இருவரும் அவரை மறுபக்கம் திருப்பினார்கள். முதுகில் படுக்கை மடிப்பின் கோடுகள் பதிந்திருந்தன. அவள் பவுடர் போட்டுக் கையால் தேய்த்தாள். அப்போது மணி அடித்தது.

மாலையில் மரப்பெட்டியில் பதினோரு சீட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்பது முன்னாள் டிரில் மாஸ்டருக்கு. 'சாரின் ஆத்துமாவுக்காக' என்று எழுதி ஒருத்தி பூ வரைந்திருந்தாள். அவர் யாரென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர் விழுந்த வருடம் அவர்கள் பள்ளியிலேயே இல்லை. ஒன்பதையும் ஒன்றாகச் சேர்த்துக் குண்டூசி குத்தி இழுப்பறையில் போட்டாள்.

கணினியில் பட்டியலைத் திறந்தாள். தையல் டீச்சரை வெட்டி இரண்டாவதில் ஒட்டினாள். ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரலை வைத்துச் சரிபார்த்தாள். பிறகு கணவருடைய வரியை வெட்டினாள். வெட்டிய வரி திரையில் இருக்காது. ஆனால் எங்கோ உள்ளே இருக்கும். முதல் பட்டியலுக்குப் போய் ஒரு விசையை அழுத்தினால் திரும்பி வந்துவிடும். இன்னொன்றை வெட்டினால்தான் அது போகும்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு டீச்சர் பையை மாட்டிக்கொண்டு போகும்போது எட்டிப் பார்த்தாள்.

"கிளம்பலையா அக்கா?"

"இதோ."

"நாளைக்காவது சாரை உயிரோட விடுங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, படியிறங்கினாள்.

நான்காம் வகுப்பு மாணவியின் தாத்தாவுக்கு அன்றோடு ஏழு நாள் முடிந்திருந்தது. அவள் அந்த வரியை வெட்டினாள். தாளை அச்செடுத்து, ஒருமுறை வாசித்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தினாள்.

மறுநாள் காலை எட்டரைக்குத் தாளைத் தலைமை சிஸ்டரிடம் கொடுத்தாள். சிஸ்டர் இந்த முறை முழுதும் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"அவர் இல்லையே?"

"இல்ல சிஸ்டர்."

"அவரே கேட்டாரா?"

"தெரியல சிஸ்டர்."

சிஸ்டர் பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் எட்டு ஐம்பதுக்குத் தொடங்கியது. முதல் பட்டியலில் ஐந்து பேர். இரண்டாவதில் தையல் டீச்சர் மட்டும். அவள் இரண்டு மாற்றுச் சான்றிதழ்களை முடித்தாள். வருகைப் பதிவேட்டுக்கு அட்டை போட்டாள். மதியம் வீட்டுக்குப் போனபோது நாத்தனார் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கேட்டாரா?"

"கேட்டான்."

"என்ன பண்ணார்?"

"ஒண்ணும் பண்ணல." நாத்தனார் ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டாள். நேற்றைய சண்டையை எடுக்கவில்லை.

அவர் முழுச் சோற்றையும் சாப்பிட்டார். மூன்று மணிக்கு தையல் டீச்சரின் அடக்கத்துக்குப் பள்ளி வேன் போனது. அவள் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். கல்லறையில் கூட்டம் குறைவு. பாட்டு டீச்சர் பாட ஆரம்பித்து உயரமாக எடுத்துவிட்டாள். நடுவில் இறக்கிக்கொண்டாள். திரும்பும் வழியில் மழை தூறியது. ஐந்தரைக்கு அவள் அலுவலகத்துக்கு வந்து மரப்பெட்டியைத் திறந்தாள். மூன்று சீட்டுகள் இருந்தன. மூன்றையும் முதல் பட்டியலில் தட்டச்சு செய்தாள்.